முதல் குடத்திலிருந்து ஆரம்பியுங்கள்: வடசென்னை வீட்டுக்கான சின்னச் சின்னப் பழக்கங்கள்

காலை 5 மணிக்கு எழுந்து நடப்பேன், தினமும் கணக்கு எழுதுவேன் என்று ஜனவரி 1-ம் தேதி எடுக்கிற முடிவெல்லாம் பொங்கலோடு போய்விடுகிறது. அதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒன்றரை ரூம் வீட்டில் நான்கைந்து பேர் இருக்கும்போது காலை நேரம் கடிகாரத்தின் கையில் இருப்பதில்லை. தண்ணீர் எப்போது வருகிறது, பக்கத்து போர்ஷன்காரர் பாத்ரூமை எப்போது விடுகிறார், பிள்ளையின் ஸ்கூல் ஆட்டோ எப்போது ஹாரன் அடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நாள் நகர்கிறது.

அதனால் புதுப் பழக்கத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்காதீர்கள். எப்படியும் நடந்தே தீருகிற ஒரு வேலையின் வாலில் அதைக் கட்டிவிடுங்கள். தண்ணீர் பிடிப்பது, காலண்டர் தாள் கிழிப்பது, ராத்திரி அடுப்பை அணைப்பது, வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது, ஆயுதபூஜைக்கு ஒட்டடை அடிப்பது ஆகிய ஐந்தும் எந்த வீட்டிலும் தவறுவதில்லை. கீழே சொல்லியிருப்பதில் பெரும்பாலானவை இந்த ஐந்தில் ஒன்றோடு ஒட்டியவைதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். ஒன்றை எடுத்து இரண்டு வாரம் ஓட்டுங்கள். கை தானாகப் போக ஆரம்பித்த பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

தண்ணீர் வரும் நேரம்

குழாயில் நிமிடத்துக்கு 5 லிட்டர் வந்தால் 15 லிட்டர் குடம் நிறைய 3 நிமிடம் ஆகும். பத்துக் குடத்துக்கு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் குழாய் பக்கத்தில் நின்று போனைப் பார்ப்பதில்தான் பலருக்குப் போகிறது.

முதல் இரண்டு குடத்தைக் குடிக்க எடுக்காதீர்கள். நம் பக்கத்தில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை, விட்டு விட்டுத்தான் வருகிறது. சப்ளை நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடும். எங்கேயாவது இணைப்பு விட்டிருந்தாலோ துரு ஓட்டை இருந்தாலோ வெளியில் இருக்கும் சாக்கடைத் தண்ணீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி தண்ணீர் விடும்போது அந்த அழுக்குதான் முதலில் வெளியே வரும். அடி பம்பானாலும் இதே கதைதான். முதல் குடம் கக்கூஸுக்கு, இரண்டாவது தரை துடைக்க. இப்படி ஒதுக்கிவிட்டால் ஒரு சொட்டும் வீணாகாது.

மூன்றாவது குடத்திலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். கலங்கலாக இருக்கிறதா, ஏதாவது மிதக்கிறதா என்று பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். லேசாக பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் பயப்பட வேண்டாம், குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். சாக்கடை வாடையோ முட்டை அழுகின வாடையோ அடித்தால் அன்றைக்கு அதைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்க வேண்டாம். மெட்ரோ வாட்டரின் 044-4567 4567 எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் ஒரே ஒரு வீட்டிலிருந்து புகார் போனால் அந்த வீட்டு இணைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட வாய்ப்புண்டு. நான்கைந்து வீட்டிலிருந்து போனால் தெருக்குழாயைத் தோண்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்க முடியும்.

குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதித்த பிறகு 1 நிமிடம் அடுப்பில் விட்டால் போதும். பத்து நிமிடம் கொதிக்கவிடுவது கேஸுக்குத்தான் நஷ்டம். தப்பு நடப்பது அதற்கப்புறம்தான். ஆறின தண்ணீரைக் கழுவாத பானையில் ஊற்றுவார்கள். இல்லையென்றால் டம்ளரை விரலோடு உள்ளே விட்டு மொள்ளுவார்கள். இரண்டு நிமிடத்தில் கொதிக்கவைத்த பலன் போய்விடும். காய்ச்சின பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீளக் கைப்பிடி கரண்டி ஒன்றைப் பானைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்து, அதனால் மட்டும் மொள்ளுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆணி இருக்கட்டும். எட்டாவிட்டால் டம்ளர்தான் உள்ளே போகும்.

குடம் நிறைகிற அந்த மூன்று மூன்று நிமிடங்களுக்கு ஆளுக்கொரு வேலை இருக்கிறது. முதல் குடம் நிறைவதற்குள் ராத்திரி காலியான குடிதண்ணீர்ப் பானையைத் தேய்த்துவிடலாம். இரண்டாவதற்குள் சிங்க்கில் கிடக்கும் டம்ளர்கள். மூன்றாவதற்குள் வாசல் தெளித்துக் கூட்டிவிடலாம். தண்ணீர் நிற்கும்போது காலை வேலையில் பாதி முடிந்திருக்கும்.

தூக்குவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்துக் குடம் என்றால் 150 கிலோ. அதை வருஷக்கணக்காக ஒரே பக்கத்து இடுப்பில் வைத்து மாடி ஏறுகிறவர்களுக்கு நாற்பது வயதில் இடுப்பு பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. குடத்தை எடுக்கும்போது முதுகை வளைத்துக் குனியாமல் முட்டியை மடக்கி உட்கார்ந்து, குடத்தை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு எழுந்திருங்கள். ஒரு குடம் வலது இடுப்பு என்றால் அடுத்தது இடது. மாடிப்படி இருந்தால் 15 லிட்டர் குடத்தை விட்டுவிட்டு, கைப்பிடி உள்ள இரண்டு கேன்களில் தலா 7 லிட்டர் பிடித்துக் கைக்கொன்றாகத் தூக்குங்கள். எடை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இறங்கும். தூக்குகிற வேலையைப் பெண்களே செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வீட்டில் இருக்கிற ஆம்பளைகளும் வயதுப் பிள்ளைகளும் ஆளுக்கு மூன்று குடம் எடுத்தாலே பாரம் பாதியாகிவிடும். மாடியில் தனியாக இருக்கும் ஆயாவுக்கு ஒரு குடம் ஏற்றிக் கொடுப்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை டிரம்

நீல டிரம்மில் தண்ணீர் பிடித்துவைக்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடமும் அதுதான். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க சுமார் 7 முதல் 10 நாள் ஆகும். அதற்குள் வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்துவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். எப்படியும் வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறோம், டிரம்மையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் ராத்திரியிலிருந்தே டிரம் தண்ணீரைச் செலவழிக்கத் தொடங்கினால் வெள்ளிக்கிழமை காலையில் கொட்டுவதற்கு அதிகம் மிஞ்சாது.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இந்தக் கொசு தண்ணீருக்குள் முட்டை போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் ஒட்டிவைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிந்துவிடும். ஆகவே தேங்காய் நார் அல்லது பிளாஸ்டிக் பிரஷ்ஷால் உள்சுவரை, அதிலும் தண்ணீர்க் கோடு படிந்திருக்கும் அந்த ஒரு சாண் பட்டையை, அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். கழுவின தண்ணீரை வெயில் படுகிற தரையில் ஊற்றுங்கள், இன்னொரு பாத்திரத்தில் விடாதீர்கள்.

மூடி நன்றாக உட்காராத டிரம்முக்குப் பழைய பருத்தி வேட்டித் துண்டை இரண்டாக மடித்துப் போர்த்தி, சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக் கழுத்தில் இறுக்கிக் கட்டிவிடலாம். கயிறு தளர்ந்து இடைவெளி விடும். டியூப் விடாது. துணி தொய்ந்து தண்ணீரைத் தொடாதபடி விறைப்பாக இருக்க வேண்டும்.

டிரம் முடிந்த கையோடு ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, துளசித் தொட்டியின் அடித்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், கவிழ்க்காமல் விட்ட பக்கெட், டிரம் மூடியின் மேலுள்ள பள்ளம். மொட்டைமாடித் தொட்டியின் மூடி உடைந்திருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றுங்கள். சென்னையில் மலேரியா கொசு வளர்வது பெரும்பாலும் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும்தான்.

காலண்டர் தாள்

சுவரில் தினசரி காலண்டர் தொங்காத வீடு இல்லை. ராசிபலன் பார்ப்பதற்காகவாவது யாராவது ஒருவர் தினமும் தாள் கிழிக்கிறார். கிழித்ததும் செய்கிற வேலை என்று ஒன்றை வைத்துக்கொண்டால் மறதி என்பதே இருக்காது. பென்சில் ஒன்றை நூலில் கட்டிக் காலண்டர் ஆணியிலேயே தொங்கவிடுங்கள். பேனா வேண்டாம், தலைகீழாகத் தொங்கினால் மை இறங்காது.

பிரஷர், சுகர் மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரை போட்டதும் அன்றைய தாளில் ஒரு டிக். மதியம் 'போட்டேனா, இல்லையா' என்று குழம்பி இரண்டாம் தடவை போட்டுக்கொள்வது வயதானவர்களிடம் சாதாரணமாக நடக்கிறது. சுகர் மாத்திரையில் அது ஆபத்து, சர்க்கரை சரசரவென்று இறங்கி மயக்கம் வரும். தாளைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

கரண்ட் மீட்டரை வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை தாள் கிழிக்கும்போது பார்த்து எண்ணை எழுதுங்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். அதுவரை பார்க்காமல் இருந்துவிட்டு பில் வந்ததும் அதிர்ந்துபோய்ப் பிரயோஜனமில்லை. ஒரு வாரம் திடீரென்று 10 யூனிட் கூடியிருந்தால் அந்த வாரமே காரணத்தைத் தேடலாம். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்திருக்கும், மோட்டாரை யாரோ அணைக்க மறந்திருப்பார்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். குறைந்த கரண்டில் ஓடுகிற புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் என்று வைத்துக்கொண்டால் அதே நேரத்துக்கு 27 யூனிட். ஒரு ஃபேனிலேயே 40 யூனிட் மிச்சம். உடனே மாற்றப் பணமில்லை என்றால் பரவாயில்லை. அடுத்த ஃபேன் ரிப்பேர் ஆகும்போது காயில் கட்டக் கொடுக்காமல் மாற்றிக்கொள்ளலாம்.

சிலிண்டர் மாட்டின அன்றைக்கு அந்தத் தாளில் 'சி' என்று எழுதி, தாளைக் கிழித்ததும் அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். வழக்கமாக 40 நாள் வருவது 32 நாளில் தீர்ந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: எடை குறைவாக வந்தது, எங்கேயோ கசிகிறது, அல்லது பர்னர் அடைத்துக்கொண்டது. தேதி எழுதிவைக்காதவர்களுக்கு இந்த மூன்றும் கடைசிவரை தெரியவே தெரியாது.

அடுப்பை அணைக்கும்போது

ராத்திரி கடைசியாகப் பால் காய்ச்சி முடித்ததும் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். டியூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து அணையட்டும், அப்புறம் அடுப்புக் குமிழைத் திருப்புங்கள். அடுப்பு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. அப்போது பால் கறையும் கஞ்சிக் கறையும் ஒரே இழுப்பில் வந்துவிடும், காலைவரை விட்டுவிட்டால் சுரண்ட வேண்டியிருக்கும்.

நெருப்பு நீலமாக எரியாமல் மஞ்சளாக நாக்கை நீட்டினால் பர்னர் துளைகளில் பொங்கின சோற்றுக் கஞ்சி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். காற்று சரியாகக் கலக்காததால் கேஸ் முழுசாக எரியாது, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். பர்னர் மூடியைக் கழற்றி, ஊக்கு முனையால் ஒவ்வொரு துளையையும் குத்திவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் படபடவென்று அடிக்கும்.

சிலிண்டர் வந்ததும் பார்க்க வேண்டியவை நான்கு. சீல் உடையாமல் இருக்கிறதா என்பது முதலாவது. அடுத்தது எடை. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூன்றாவது, வால்வுக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம். அது இல்லாவிட்டாலோ வெடித்திருந்தாலோ ரெகுலேட்டர் எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும் கசியும். நான்காவதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. கைப்பிடி வளையத்தின் உள்பக்கம் ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்றும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். அது அடுத்த பாதுகாப்புச் சோதனைக்கான கெடு. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. டி-27 என்றிருந்தால் 2027 டிசம்பரோடு கெடு முடிகிறது. முடிந்த சிலிண்டராக இருந்தால் வாங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

மாட்டினதும் சோப்பு நுரையை வால்விலும் டியூப் இரண்டு முனையிலும் தடவிப் பாருங்கள். முட்டை முட்டையாக நுரை வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வேலை ஒருநாளும் கூடாது. வாடை அடித்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். ஆரஞ்சு நிற டியூபை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும், தேதி அதன் மேலேயே அச்சடித்திருக்கும்.

மீன் நாள்

காசிமேட்டில் வாங்கினால் அங்கேயே ஆய்ந்து வாங்கிவிடுங்கள். ஆய்ந்து கொடுக்கும் அக்காக்களுக்குக் கொடுக்கிற கூலி, வீட்டுச் சாக்கடை அடைப்பை எடுக்க ஆள் கூப்பிடுகிற செலவைவிடக் குறைவு. செதில் தண்ணீரோடு போய்விடும் என்று நினைப்பது தப்பு. அது குழாய் வளைவில் ஒட்டி, அதன் மேல் எண்ணெயும் சோறும் பிடித்துக் கல்லாகிவிடும். மூடி போட்ட தூக்குப் பாத்திரம் எடுத்துப் போனால் ஐஸ் தண்ணீர் பஸ்ஸில் யார் மேலும் சொட்டாது.

மீன் கழுவின பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் ஊற்றினால் மீனின் புரதம் வெந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும், வாடை இரண்டு நாள் போகாது. குழம்புக்குக் கரைத்த புளிச்சக்கையைக் கொட்டாமல் வைத்திருந்து, அதால் பாத்திரத்தையும் கையையும் அரிவாள்மனையையும் தேய்த்துவிட்டுப் பிறகு சோப்பு போடுங்கள். கவிச்சி வாடைக்குக் காரணமான பொருளைப் புளிப்பு கட்டிப்போட்டுவிடும். வீட்டிலேயே ஆய்ந்தால் கழிவைப் பேப்பரில் சுற்றிக் குப்பை வண்டி வருகிற அதே காலையில் போட்டுவிடுங்கள். வண்டி போய்விட்டதென்றால் கவரில் இறுக்கிக் கட்டி ஃபிரீசரில் வைத்து மறுநாள் கொடுக்கலாம்.

உப்புக்காற்றும் தூசியும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி ஐந்தாறு வருஷத்தில் பூத்துப்போய்விடுகிறது. உப்பு படிந்தால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பை எப்போதும் நனைந்தே வைத்திருக்கும். வெள்ளிக்கிழமை டிரம் கழுவும்போது நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கம்பியைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். உப்புக்கரிக்கும் போர் தண்ணீரில் துடைப்பதற்குத் துடைக்காமலே இருக்கலாம். சிலிண்டரைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் வைத்தால் தரையில் துரு வட்டம் விழாது.

கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டுப் பக்கத்து வீடுகளில் காய்ந்த துடைப்பத்தால் கூட்டுவது தூசியை எழுப்பி மூக்குக்குள் அனுப்புகிற வேலை. லேசாகத் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், அல்லது ஈரத்துணியால் துடையுங்கள். ஃபேன் இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறை ஒன்று போதும். உறையை இறக்கைக்கு மாட்டி, இரண்டு கையாலும் மேலும் கீழும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே இழுத்தால் தூசி மொத்தமும் உறைக்குள்ளேயே விழும், கட்டில் மேல் கொட்டாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கும்போது வண்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். பெட்ரோலும் மிச்சம், முன்னால் நிற்கும் பிள்ளைக்கு மூச்சும் மிச்சம்.

ஆயுதபூஜை அன்று காகிதங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இருக்கும். ஆயுதபூஜை பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் வந்துவிடுகிறது. புத்தகங்களை எடுத்து அடுக்குகிற அன்றைக்கே வீட்டுக் காகிதங்களையும் எடுத்துவிடுங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது முதலில் மூழ்கியது பீரோவின் அடித்தட்டுதான். பெரும்பாலான வீடுகளில் பத்திரங்கள் இருப்பதும் அங்கேதான்.

ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், கேஸ் புத்தகம், பிள்ளைகளின் மார்க் ஷீட், வாடகை ஒப்பந்தம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி சீட்டுகள் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். பிறகு ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, அதைத் தலைகீழாக இன்னொரு ஜிப் கவருக்குள் போடுங்கள். ஒன்றின் வாய் மேலே, மற்றதன் வாய் கீழே இருந்தால் ஒரு ஜிப் விட்டாலும் தண்ணீர் நேராக உள்ளே போகாது. லேமினேஷன் செய்யாதீர்கள், சில அலுவலகங்களில் லேமினேட் செய்த அசலை வாங்க மறுப்பார்கள். கவரைத் தோளில் மாட்டுகிற பை ஒன்றில் போட்டு லாஃப்டில், கை எட்டுகிற ஓரத்தில் வையுங்கள். ஸ்டூல் போட்டு ஏறித் துழாவுகிற இடத்தில் வைத்தால் இருட்டில் எடுக்க முடியாது.

அதே பையில் ஒரு சின்ன டார்ச், ஒரு வாரத்துக்கான மாத்திரை, மாத்திரைப் பெயர்களும் அளவும் எழுதின ஒரு சீட்டு, கொஞ்சம் சில்லறை நோட்டுகள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே போனையும் பவர் பேங்கையும் முழுசாக சார்ஜ் ஏற்றி, குடிதண்ணீரைப் பிடித்து மூடிவிடுங்கள். தண்ணீர் பிளக் பாயின்டை நெருங்குகிறது என்று தெரிந்ததும், அது தொடுவதற்கு முன்பே, காய்ந்த கையோடு காய்ந்த பலகை மேல் நின்று மெயினை அணைத்துவிட வேண்டும். மீட்டர் பெட்டி இருக்கிற இடத்தில் ஏற்கெனவே தண்ணீர் நின்றால் கிட்டே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி, தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். போகிக்குப் பழையதைக் கழித்து, பொங்கல் முடிந்த பிறகு பையிலிருக்கும் மாத்திரைகளின் தேதியைப் பார்த்து, பழசை எடுத்துவிட்டுப் புதுசை வையுங்கள். டார்ச் பேட்டரியைக் கழற்றித் தனியாகப் போட்டுவையுங்கள், உள்ளேயே விட்டால் அடுத்த மழைக்குள் ஒழுகிவிடும்.